சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள எவாட்னிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கனடாவில் ஆப்பிள் பறிப்பு முடிய இன்னும் மூன்று வாரம். செவ்வாயன்று ஏணியில் கொஞ்சம் சறுக்கிவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை. படுத்திருந்தபோது ஊரில் நான் எழுதி வைத்த உயில் ஞாபகம் வந்தது. இங்கே இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீலம்மாவிடம் நகலைக் காட்டினேன்.

"வீடு எவாட்னிக்குன்னு எழுதிட்டு, அவங்களையே சாட்சிக் கையெழுத்துப் போட வச்சிருக்கீங்களே. உங்க ஜமைக்கா சட்டப்படியும் சாட்சி போட்டவங்களுக்கு ஒண்ணும் வராது."

"பாஸ்டரும்தானே போட்டாரு?"

"அவருக்கு நீங்க வீடு எழுதலையே."

பதினாறு வருடம் உன்னோடு வாழ்ந்தும் முதல் மனைவியிடம் விவாகரத்து வாங்காமல் விட்டேன். நான் போனால் அவள்தான் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

புது உயிலை இதோடு அனுப்புகிறேன். சாட்சிகள் இருவரும் என் அறைத்தோழர்கள். நீ அதில் பேனாவே வைக்காதே, பாஸ்டரிடம் கொடுத்து வை.

காய்ந்த இஞ்சி கொஞ்சம் அனுப்பு. உன் பழைய தலையணை உறை ஒன்றும் அனுப்பு, துவைக்க வேண்டாம்.

கடிதம் கொண்டுவரும் ஆள் விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அறைத்தோழன் யூரியா எழுதுகிறான். கீழே உள்ள கையெழுத்து மட்டும் என்னுடையது. இடது கையால் போட்டேன்.

லாசெல்ஸ்