உங்கள் வீடு இருந்த மனை

அக்கா,

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்து கதவைத் தட்டினார். தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் பழைய டயர்க் கடை இடத்தில், குறைந்த வாடகைக்கு விடும் அடுக்குமாடி ஒன்று கட்ட நகரசபையில் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். அதை எதிர்த்து ஒரு மனு. அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் குடிவந்த வாரம் கேக் செய்து கொண்டுவந்தவர். தெருவின் குணம் மாறிவிடும் என்பதுதான் தன் கவலை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். தாளில் பதினோரு கையெழுத்துகள் இருந்தன. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பன்னிரண்டாவதைப் போட்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். மனு அனுப்பியாகிவிட்டது என்றார். ஏன் என்று கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இந்தத் தெருவின் குணத்தைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

இந்தப் புறநகருக்கு, சன்ஷைனுக்கு, நான் முதலில் வந்தது இரண்டு பெட்டிகளோடு. மளிகைக் கடைச் சுவரில் 'அறை வாடகைக்கு' என்று நீங்கள் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து வந்தேன். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"இந்தியாவோ?"

"ஆமாக்கா, திருச்சி."

"பரவாயில்லை, உள்ளுக்கு வாங்கோ" என்றீர்கள். அந்தப் 'பரவாயில்லை'யைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருடம் சிரித்திருக்கிறோம்.

பழைய பலகை வீடு. குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று வரும். நீங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. விடிவதற்குள் நடந்தே போய்விடுவீர்கள். உங்கள் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஊரிலேயே கண்பார்வையை இழந்தவர். எப்படி என்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் அதிகம் வெளியே போய்வருகிறவர் அவர்தான். மூலைத் தபால்பெட்டியிலிருந்து நம் கேட் வரை நூற்று நாற்பத்திரண்டு காலடி. வியட்நாம்காரப் பெண்ணின் பேக்கரிக்கு ஒரு கணக்கு, நூலகத்துக்கு ஒரு கணக்கு, ஸ்டேஷனுக்கு ஒரு கணக்கு. பேக்கரிக்காரப் பெண் அவருக்கென்று கடைசி ரொட்டியை எடுத்து வைத்திருப்பாள். "கண் தெரியாத மனுசன் எண்டு இந்த ரோட்டில ஒருத்தரும் என்னை நினைக்கிறேல்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

எனக்கு வங்கியில் வேலை கிடைத்தபோது நீங்கள் கேசரி கிண்டினீர்கள். வீட்டுக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவு. முதல் வாரமே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். கடன் கொடுத்தால் ஆபத்து என்று வங்கி நினைத்த பகுதிகளின் அஞ்சல் எண்கள். அந்த எண்களுக்குள் வீடு வாங்குகிறவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு முன்பணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் கடன் கிடையாது. யார், என்ன வேலை, எத்தனை வருடம் தவறாமல் வாடகை கட்டினார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எண். நம் எண்ணும் அதில் இருந்தது.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ஒருத்தி, எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டாள். யாரவில் என்று சொல்லிவிட்டேன் அக்கா. ரயில் வரைபடத்தில் நான் பார்த்த ஊர், அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத ஊர். இரண்டு வருடம் அந்தப் பொய்யோடு வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு அந்த மாலை. நான் வேலையிலிருந்து வரும்போது சமையலறையில் நீங்கள் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"கிழவர் வீட்டை விக்கப் போறாராம், பிள்ளை. ஏஜென்டிட்டப் போக முன்னம் எங்களைத்தான் கேட்டவர்."

வீட்டுக்காரர் மால்ட்டாவிலிருந்து வந்து அந்தத் தெருவிலேயே கிழவரானவர். உங்களை அவருக்குப் பிடிக்கும். மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றிருந்தார். பதினேழு வருடம் ஆஸ்பத்திரிப் பாத்திரங்களுக்கு நடுவே நின்று நீங்கள் சேர்த்தது சாதாரண முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. "உன்ர பாங்கிலேயே போடுறன்" என்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. பட்டியலைப் பற்றி அப்போதே நான் சொல்லியிருக்கலாம். "போடுங்கக்கா, பார்க்கலாம்" என்றேன்.

மூன்றாவது வாரம் உங்கள் விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது. தெரிந்தவர்கள் என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் விதி. அல்லது, இதைத் தனியாகப் பாருங்கள் என்று மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். அப்படி எழுத எங்களுக்கு இடம் இருந்தது. முந்தின மாதம்தான் அதே அஞ்சல் எண்ணில் வீடு வாங்கிய ஓர் இளம் பல் மருத்துவருக்காக அப்படி எழுதினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் கடன் கிடைத்தது. உங்களுக்காக எழுதவில்லை. எழுதினால், இவர்களை எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவர்கள் வீட்டு முன்னறையில்தான் குடியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும். என் யாரவில் அத்தோடு போய்விடும். அதற்காக அக்கா. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நிராகரிப்புக்கான பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

கடிதம் வந்த அன்று நீங்கள் அதை எனக்குக் காட்டவில்லை. "இல்லையாம், பிள்ளை" என்று வாயால்தான் சொன்னீர்கள்.

"கம்ப்யூட்டர்தான்கா எல்லாத்தையும் முடிவு பண்ணுது. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "ஓம், அதுதானே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டீர்கள்.

கிழவர் வேறு வழியில்லாமல் விற்றார். வாங்கியவர் உங்களைக் காலி பண்ணச் சொன்னார். நம் பக்கத்து வாடகையெல்லாம் அதற்குள் ஏறியிருந்தது. மெல்டனுக்கும் அப்பால், புதிதாக வயலை வெட்டிப் போட்ட ஒரு குடியிருப்பில்தான் உங்களுக்கு வீடு கிடைத்தது. நடைபாதைகூட முழுசாகப் போட்டு முடியாத தெரு. நீங்கள் அங்கிருந்து பஸ், ரயில் என்று மாறி மாறி அதே ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். பார்க்க வந்தபோது ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "இஞ்ச எண்ணுறதுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார். அந்த ஒரு வருடத்தில் அவர் உடம்பு பாதியாகிவிட்டது.

எனக்குக் கல்யாணமானது. வேலை நிரந்தரமானது. பட்டியலும் மாறியது. எங்கள் ஊர் அதிலிருந்து நீங்கப்போகிறது என்று ஒரு கூட்டத்தில் காதில் விழுந்தது. விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிடலாம் என்று கணவரிடம் சொன்னது நான்தான். தேடியபோது, நம் பலகை வீட்டை இடித்துவிட்டு அந்த மனையில் மூன்று மாடிவீடுகள் கட்டியிருந்தார்கள். அதில் நடுவீட்டை வாங்கினோம். தெரிந்த தெரு, ஸ்டேஷன் பக்கம் என்று காரணங்கள் சொன்னேன். உங்களிடம் சன்ஷைனில் வீடு என்று மட்டும் சொன்னேன். புதுமனை புகுவிழாவுக்கு உங்களை அழைக்காமல் இருக்கவும் முடியவில்லை. முகவரியைக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன். ஒன்றை மூன்றாகப் பிரித்ததில் கதவு எண்களும் மாறியிருந்தன. எண்ணைப் பார்த்துப் புரியாது என்று நினைத்தேனோ என்னவோ.

தெரு நிறையக் கார். உங்களை ஏற்றி வந்தவர் மூலைத் தபால்பெட்டியருகே இறக்கிவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உங்கள் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்துவந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. சரியாக எங்கள் வாசலுக்கு நேரே நின்று திரும்பினார்.

"இது எங்கட வீடெல்லோ?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓமப்பா. இப்ப தங்கச்சின்ர வீடு. நல்லாக் கட்டியிருக்கினம், வாங்கோ" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தீர்கள்.

"பின்னால நிண்ட தேசிமரம்?" என்று கேட்டார். எலுமிச்சை மரம் நின்ற அந்த இடத்தில் எங்கள் காருக்கான ஷெட் இருந்தது. நீங்கள்தான் பதில் சொன்னீர்கள், அது இல்லை என்று. அதன் பிறகு புடவையைச் செருகிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பந்தி பரிமாறினீர்கள். போகும்போது "போட்டு வாறம்" என்று என் கன்னத்தைத் தொட்டீர்கள். அந்தக் கையில் கொஞ்சமும் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயிற்றில் புற்றுநோய் என்று நீங்கள் படுத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதுவும் தைரியமா, அவசரமா தெரியவில்லை. நீங்கள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி, நான்காவது மாடி. அன்று மதியம் அண்ணன் தூங்கிப்போயிருந்தார். கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த லோன் விஷயம்... உங்க அப்ளிகேஷன் என்கிட்டதான் வந்துச்சு."

"தெரியும்."

"கம்ப்யூட்டர் இல்லக்கா."

"தெரியும், பிள்ளை. அந்தக் கடிதத்துக்குக் கீழ உன்ர பேர் இருந்தது."

பரிசீலித்தவர் பெயர் கடிதத்தின் அடியில் அச்சாகும் என்று எனக்குத் தெரியாது. தினமும் இத்தனை பேருக்கு அனுப்பிய கடிதங்களில் ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை. அந்தக் கடிதம் வந்து எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினீர்கள். எனக்குக் கரு கலைந்தபோது மெல்டனிலிருந்து வந்து ஒரு வாரம் எனக்குச் சமைத்துப் போட்டீர்கள். தெரிந்துகொண்டே.

"ஏன்கா என்னைக் கேக்கல?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள். "கேட்டிருந்தா நீ பொய் சொல்லியிருப்பாய். பிறகு எனக்கு உன்னோட கதைக்க ஏலாமப் போயிருக்கும்."

மன்னித்தேன் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டீர்கள், கொடுத்தேன். பத்து நாளில் போய்விட்டீர்கள்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்டனுக்குப் போகிறேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அங்கே இப்போது நடைபாதை போட்டுவிட்டார்கள். பூங்கா வரை எத்தனை அடி என்று கணக்கு வைத்திருக்கிறார், ஆனால் தனியாகப் போகமாட்டேன் என்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருப்பீர்களா? உங்களைப் போலவே அவரும் கேட்காமல் இருக்கிறாரா? ஒவ்வொரு முறையும் வழியில் நினைக்கிறேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவாரோ என்று பயம். சொல்லாமல் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நடக்கவும் முடியவில்லை.

போன முறை ஒரு தெருவைக் கடக்க நின்றோம். "கார் ஏதும் வருதே?" என்று கேட்டார்.

"இல்லண்ணா."

"நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கித் தெருவில் வைத்தார்.