இரண்டாம் பக்கத்தை முழுக்கப் பாடினேன், சின்னண்ணா

சத்தத்தைக் குறைக்கச் சொன்ன எல்லோரையும் சிரித்த முகத்தோடு பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கும் என் சின்னண்ணாவுக்கு,

சென்ற சனிக்கிழமை பின்னேரம் நகர மண்டபத்தில் உங்களுக்கு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டதல்லவா. மேடையில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பூப்போட்ட சேட்டும், கடதாசியில் வெட்டிய நண்டுத் தொப்பியுமாக நீங்கள் நிற்கும் அந்தப் பழைய படம். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இவர்கள் வேறு யாரையோ நினைவுகூர வந்திருக்கிறார்கள் என்று.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர். கிற்றாரோடு நீங்கள், அக்கோடியனோடு ஜோசப் அண்ணர், ட்றம்ஸ் அடிக்கக் கிண்ணியாவிலிருந்து றசீத், பாடுவதற்கு நான். பெயர் ‘நங்கூரம்’. பெண்பிள்ளையை மேடையில் ஏற்றினால் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்று அம்மா அழுதபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “நாலு பேரும் ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்து கதைக்கட்டும் அம்மா.”

அந்த நாலு பேரும் வந்தார்கள், நாலாயிரம் பேராக. ‘நண்டுக்கார மாமி’ என்று நீங்கள் விளையாட்டாகக் கட்டிய பாட்டு சின்ன இசைத்தட்டாக வந்து, வானொலியில் போய், சாம்பல்தீவிலிருந்து தம்பலகாமம் வரைக்கும் எந்தக் கலியாண வீட்டிலும் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டது. மாமியின் சட்டியிலிருந்து தப்பிய நண்டு சந்தையைச் சுற்றிப் பொலிஸ் நிலையத்துக்குள் ஓடும் பாட்டு. குழந்தைகள் எங்களைக் கண்டால் கையை நண்டுக்காலாக்கிக் காட்டுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பிறகு அப்பா செத்தார்.

வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் அப்பா கிரேன் ஓட்டியவர். அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனபோது அவருடைய வேலையும் போனது. அதற்குப் பிறகும் அவர் தினம் காலையில் காக்கிச் சேட்டை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிப் போட்டுக்கொண்டு, போவதற்கு ஓரிடமும் இல்லாமல், முற்றத்துக் கதிரையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தார். நாங்கள் அப்படியே வளர்ந்தோம். அவரைப் பற்றி வீட்டில் ஒருவரும் எதுவும் கதைத்ததில்லை.

செத்தவீட்டுக்கு வந்த ஒருவர், பாடை தூக்கும் முன்பே உங்கள் தோளில் கை போட்டு, “தம்பி, வாற மாதம் மகளின்ர கலியாணம். மாமிப் பாட்டைக் கட்டாயம் பாடவேணும், என்ன?” என்றார். நீங்கள் “ஓம்” என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று அணைந்ததுபோல் இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் நீங்கள் கிற்றாரை எடுத்து, அடித்தந்தி ஒன்றையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் வேலை செய்த கப்பல் பட்டறையில் கழித்துப்போட்ட பழைய ஒலிபெருக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதில் கிற்றாரைப் பொருத்தினீர்கள். துருப்பிடித்த இரும்பை இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் பயமில்லாமல் திரியும் மான்கள், வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்தவைகூட வெருண்டு ஓடிவிட்டன.

ஜோசப் அண்ணர் காதைப் பொத்திக்கொண்டார். “தம்பி, இது பழுதாப்போச்சு. திருத்திப்போட்டு வாசி.”

“பழுதில்லை அண்ணே. எனக்கு இந்தச் சத்தம்தான் வேணும்.”

“அப்ப என்ர அக்கோடியன்?”

நீங்கள் அடித்தந்தியை மறுபடி தட்டினீர்கள். அவருக்கு விளங்கிற்று. “எனக்குப் பிள்ளையள் இருக்கு. கலியாண வீடுகள் இல்லாமல் எனக்கு ஏலாது” என்று சொல்லி, பெட்டியை மூடிக்கொண்டு போனார். அவரை நான் குறை சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஆனால் குழுவில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப, அடிக்குரலில் அதிரும் பேஸ் கிற்றார் ஒன்றை என்னிடம் நீட்டினீர்கள். விரல்கள் வெடித்துக் காய்க்கும்வரை பழகினேன்.

அப்படித்தான் ‘கப்பல் போன பிறகு’ என்ற பெரிய இசைத்தட்டு உருவானது. முதல் பக்கத்தில் ஐந்து பாட்டுகள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, அப்பாவின் பாட்டு. அதில் பல்லவியும் இல்லை, சிரிப்பும் இல்லை. காலையில் சேட்டை மினுக்கும் ஒரு மனிதர், வெறுமையான ஒரு துறைமுகம், ஒருவரும் வந்து பதில் சொல்லாத ஒரு கேள்வி.

கொழும்பில் ஸ்டூடியோ முதலாளி மாமிப் பாட்டை எதிர்பார்த்து வெற்றிலைச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் உள்ளே வந்துவிட்டார். “மைக்கில ஏதோ பிழை போல கிடக்குது.” பிழை இல்லை என்று தெரிந்ததும் உங்களைப் பார்த்துச் சொன்னார், “இதை ஆர் தம்பி வாங்குவான்? தங்கச்சியின்ர குரல் சீனி மாதிரி. ஏன் அவவைக் கத்த வைக்கிறீர்?”

நீங்கள் வாய் திறப்பதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். “அவர் கத்த வைக்கேல்ல ஐயா. நான்தான் கத்துறன்.”

நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வைக்காக நான் இன்னும் நூறு முதலாளிகளோடு சண்டை பிடிப்பேன்.

மாமிப் பாட்டை முதலில் வைத்தால்தான் தட்டு அடிக்கலாம் என்றார் அவர். நீங்கள் கிற்றாரைப் பெட்டியில் வைத்தீர்கள். றசீத் ட்றம்ஸைக் கழற்றத் தொடங்கினான். “வா மச்சான், ரயிலுக்கு நேரமாகுது” என்றான், ரயிலுக்கு அரை நாள் இருந்தபோது. வாசல் படலை வரைக்கும் போய்விட்டோம். பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. “சரி, சரி, வாங்கோ. கொஞ்சமா அடிப்பன். விக்காட்டி என்னில குறை சொல்லக்கூடாது.”

விற்கவில்லை. வானொலியில் போடவில்லை. பொப் பாடகர் பாதை மாறிப் போனார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இதே நகர மண்டபத்தில்தான் அந்தத் தட்டை முதன்முதலாக வாசித்தோம். சனம் “மாமி! மாமி!” என்று கூக்குரல் போட்டது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தீர்கள். கதிரைகள் ஒவ்வொரு வரிசையாக வெறுமையாகின. ஒருவர் மேடைக்குக் கிட்ட வந்து, “உமக்கு என்ன, விசரோ?” என்று கேட்டார். நீங்கள் மைக்கிலேயே “ஓம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினீர்கள்.

அதற்குப் பிறகு எங்களைக் கலியாண வீடுகளுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. நீங்கள் பட்டறைக்குப் போய்வந்தீர்கள், பின்னேரங்களில் வாசித்தீர்கள், பகிடி விட்டீர்கள். உள்ளுக்குள் உங்களுக்கு நொந்ததா, சின்னண்ணா? ஆசுப்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோதும் கட்டில் இரும்பில் விரலால் தாளம் போட்டீர்களே, அது எந்தப் பாட்டு?

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டத் தலைவர் நல்ல மனிதர்தான். என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, மாமிப் பாட்டு ஒண்டு போதும். ஜோசப்பும் வந்திருக்கிறார். சனம் சந்தோசமாப் போகட்டும்” என்றார். ஜோசப் அண்ணர் அக்கோடியனோடு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு.

“பாடு பிள்ளை” என்றார். “அவன் போயிற்றான். இனி ஆரோட கோவம்?”

“கோவமில்லை அண்ணே. அவர் விட்ட இடத்திலயிருந்துதான் நான் பாடுவன். திரும்பிப் போய்ப் பாட ஏலாது.”

“அப்பிடியெண்டா மேடை தர ஏலாது” என்றார் தலைவர்.

நான் மேடையில் ஏறிவிட்டேன். றசீத் ஏற்கெனவே ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்தான். உங்கள் கிற்றாரை வாசிக்க ஆளில்லை. பாட்டில் அது வரும் இடங்களை வெறுமையாகவே விட்டோம். பேஸும் ட்றம்ஸும் என் குரலும் மட்டும். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினேன்.

முதலில் முணுமுணுப்பு, பிறகு விசில், பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம். அப்பா சேட்டு மினுக்கும் இடத்துக்கு வந்தபோது மைக் செத்துப்போனது. யாரோ சுவிச்சை நிப்பாட்டிவிட்டார்கள். பேஸும் ஊமையாயிற்று. றசீத் என்னைப் பார்த்தான். நான் நிற்கவில்லை. வெறும் தொண்டையால் பாடினேன். அவன் இன்னும் பலமாக அடித்தான். என் குரல் கிழிந்தது. கிழியட்டும் என்று விட்டேன்.

அப்போது கீழேயிருந்து ஜோசப் அண்ணரின் குரல் கேட்டது. சுவிச்சுக்குப் பக்கத்தில் தலைவரை மறித்துக்கொண்டு நின்றார். “எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்காது. அண்டைக்கும் பிடிக்கேல்ல, இண்டைக்கும் பிடிக்கேல்ல. ஆனா பிள்ளையைப் பாட விடுங்கோ!”

அவரே சுவிச்சைப் போட்டார். மைக் கீச்சிட்டுக்கொண்டு உயிர்பெற்றது.

கடைசிவரை பாடினேன். பாதி மண்டபம் போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது. பின்வரிசையில் துறைமுகத்து ஆட்கள் சிலர் எழுந்து நின்றார்கள். கைதட்டவில்லை, சும்மா நின்றார்கள். நான் மேடையை விட்டு இறங்கும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, “எங்கட அப்பாவும் அப்பிடித்தான் பிள்ளை இருந்தவர்” என்றார். உங்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

இன்னொரு செய்தி. வைகாசியில் நானும் றசீத்தும் கொழும்புக்குப் போகிறோம். புதிய தட்டு. பாட்டுகள் என்னுடையவை. உங்கள் இடம் வெறுமையாக இருந்தபோது அந்த மேடையில் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது, அதைப் பிடித்துவிட்டேன். ஆகவே அதில், என் பேஸைத் தவிர, கிற்றாரே இல்லை. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “என்ன பிள்ளை இது, ஏதோ குறையுது” என்று சொல்லியிருப்பீர்கள். நானும் விடாமல் சண்டை பிடித்திருப்பேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். ஊர் கேட்டாலும், முதலாளி கேட்டாலும், நீங்களே எழும்பி வந்து கேட்டாலும், இந்தச் சத்தத்தை நான் மாற்றமாட்டேன்.

உங்களுக்கும் அடங்காத
உங்கள் தங்கச்சி,
மலர்