வளையாத நாக்கு

ஜூன் 3, செவ்வாய்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து வர ஏழாகிவிட்டது. சோறு போட்டுக்கொண்டே தேன்மொழி சொன்னாள். அவள் கம்பெனியில் அவளைப் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்களாம். மெஷின் முன்னால் கண் சொருகியிருக்கிறாள். சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரல் போயிருக்கும்.

எல்லாம் என் குறட்டையால். ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை.

"உன்னாண்ட சண்ட போட்டு இன்னா ஆவப்போவுது? தெரிஞ்சா பண்ற?" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 5

கவரைப்பேட்டைக்கு, அவள் அக்கா செண்பகம் வீட்டுக்குப் போய்விட்டாள். "கோச்சிக்கினு போவல. தூங்கறதுக்குப் போறேன்."

கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் சொல்லிக் கூப்பிடலாம். இதற்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஜூன் 17

திருவள்ளூர் டாக்டர் ஒரு ராத்திரி படுக்கவைத்துச் சோதித்தார். தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி இல்லை, தொண்டைச் சதைதான் தளர்ந்திருக்கிறது என்றார். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரோக்கியமேரி மேடத்திடம் அனுப்பினார். நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கன்னத்தை உப்ப வேண்டும். நாக்கை மேலே வளைத்து 'ழ' சொல்ல வேண்டும். தினமும், மூன்று மாதம்.

ஃபோர்க்லிஃப்டில் டன் கணக்கில் தூக்குகிறவன், நாக்கைத் தூக்கப் பாடம் கேட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 21

கன்னத்தை உப்பிக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு மோனிகா, "இன்னாண்ணா, பல்லு நோவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 8

"செஞ்சு காட்டுங்க பரசுராமன்" என்றார் மேடம். வாயப்பயம், மய, கீய என்று வரிசையாகச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "நாக்கு படுத்தே கெடக்குதே. நீங்க சொல்றது 'ய'."

மூன்று வாரமாக 'ழ' என்று நினைத்து 'ய' சொல்லியிருக்கிறேன். எங்கள் புதுவாயலில் எவன் சொல்கிறான் 'ழ'? எழுதும்போது சரியாகத்தான் எழுதுகிறேன். காதுக்கு வித்தியாசமே தெரியவில்லையே — அதுதான் யோசிக்க வைக்கிறது. குறட்டையும் எனக்குக் கேட்டதில்லை. என் வாயிலிருந்து வருவதில் இன்னும் எதெல்லாம் கேட்காமல் இருக்கிறேனோ.

எந்தச் சொல்லை வைத்துப் பழகுவது என்று கேட்டேன். தினமும் கூப்பிடுகிற பேர் இருந்தால் நல்லது என்றார். இருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

போனில் "தேன்மொழி" என்றேன்.

"இன்னா, நூஸ் படிக்கிறியா? பேஜார் பண்ணாத."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 27

ராத்திரி போனில் பதிவு செய்து வைத்துக் காலையில் கேட்டேன். மாவு மெஷின் ஓடுகிறது. ஆறு வருஷம் இதன் பக்கத்தில் படுத்துவிட்டா அவள் காலை ஷிஃப்டுக்குப் போனாள்? அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துப் பயிற்சி செய்தேன்.

ஆகஸ்ட் 19

நேற்றைய பதிவில் முதல் தடவையாக ஃபேன் சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்திருக்கிறாள். "ஒரு நாள் பாக்கலாம். முடிலன்னா அக்கா ஊட்டுக்கே பூடுவேன். அப்பறம் கூப்டாத."

பையைப் பிரிக்கவில்லை. எனக்குப் படுக்கவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

விடிந்ததும் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் அவள் இல்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தித் தூங்குகிறவனும் நான், பிந்தி எழுந்திருக்கிறவனும் நான். கல்யாணமான நாளிலிருந்து அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பதெல்லாம் இன்றைக்குத்தான் தெரியும்.

கம்பெனி பஸ் வருகிற நேரம். எழுப்ப மனசில்லை. எழுப்பாமல் விட்டால் அதற்கும் திட்டுவாள். நாக்கை நன்றாக மேலே வளைத்து, "தேன்மொழி" என்றேன். அசையவில்லை. இன்னொரு தடவை, இன்னும் திருத்தமாகச் சொன்னேன். ஊஹூம்.

"மொயி" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "பஸ் வந்துச்சாயா?" என்றாள்.