மாட்டுப்பேயின் நான்கு கால்கள்

கியோட்டோ,
12 ஜூன் 2004

மதிப்புக்குரிய தெய்ஜி அண்ணனுக்கு, யசுகிச்சி வணங்கி எழுதுவது.

இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. உங்கள் ஆரஞ்சுத் தோப்பில் இப்போது பிஞ்சு விட்டிருக்கும். இந்த ஈரத்தில் முழங்கால் எப்படிப் படுத்துகிறதோ என்று கவலையாக இருக்கிறது. முப்பத்தாறு வருஷமாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டவனுக்கு இப்போது என்ன திடீர்க் கவலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அன்று நாம் இருவரும் பேயாக நடித்த மாட்டுப்பேய்ப் படத்தை மறுபடியும் எடுக்கிறார்கள். இந்த முறை பேய் கம்ப்யூட்டரில் பிறக்கிறது. முன்காலுக்கு நீங்கள், பின்காலுக்கு நான் என்று வேஷத் தோலுக்குள் புகுந்து வேக ஆள் தேவையில்லை. ஆனால் நம்முடைய அந்த நடை மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லையாம். இயக்குநர் சின்னப் பெண். "தாத்தா, ரெண்டு பேரும் குடிச்சுட்டா நடந்தீங்க? அந்த ஆட்டம் எப்படி வந்துச்சு?" என்கிறாள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நடந்தோம் என்றேன்.

போன செவ்வாய் கோயிலில் பூசை. பேய்ப்படம் என்றால் படப்பிடிப்புக்கு முன் ஒருவர் விடாமல் போய்த் தலைவணங்க வேண்டுமே. பூசை முடிந்ததும் தயாரிப்பாளர் இளசுகளைப் பார்த்து, "பழைய படத்துல தெய்ஜின்னு ஒருத்தர் பூசைக்கு டிமிக்கி கொடுத்தாரு. மூணாம் நாளே குளத்துல விழுந்து முழங்கால் போச்சு. அதோட சினிமாவும் போச்சு. விளையாட்டா நினைக்காதீங்க" என்றார். எல்லாரும் பயந்து தலையாட்டினார்கள்.

அண்ணா, அன்று பூசைக்கு வராமல் சாராயக்கடையில் கிடந்தவன் நான். குளக்கரையில் வழுக்கி, உங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தவனும் நானே. என் மனைவிக்கு எட்டு மாதம், என் வேலை போய்விடக் கூடாது என்பதால், அவ்வளவு வலியிலும் "நான்தான் பூசைக்குப் போகலை" என்று பழியை வாங்கிக்கொண்டீர்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாயன்று திறந்தேன். எழுந்து நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். தயாரிப்பாளர் தரையைப் பார்த்தார். அந்த இயக்குநர்ப் பெண் மட்டும், "இத்தனை வருஷத்துல அவர்கிட்ட நீங்க ஒரு மன்னிப்புகூடக் கேக்கலையா தாத்தா?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது அண்ணா.

நம் இருவரையும் வந்து நடந்து காட்டச் சொல்கிறார்கள்; கம்ப்யூட்டர் நடையை அளக்க உடம்பெல்லாம் அடையாளப் பொட்டு ஒட்டுவார்களாம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால், உட்கார்ந்தபடி என்னைத் திட்டினாலே போதும். பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் வரும் என்று எழுதி வாங்கிவிட்டேன்.

வர மனமில்லை என்றால் நான் அங்கே வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும்,
யசுகிச்சி