அத்தான் கொண்டுவந்த ஷவர்

ஜனவரி 9, வெள்ளி

காலையிலிருந்து சுவரில் துளை போடும் சத்தம். அரைப் பக்கம்கூட வாசிக்க முடியவில்லை.

வில்சன் அத்தான் பிரேசில் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த வெந்நீர் ஷவரை மாட்டுகிறார்கள். அத்தான் இப்போது கப்பலில். அவர் மனைவி, என் அக்கா ஜெர்லின், நிறைமாதமாக எங்கள் வீட்டில். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் வேண்டுமென்று செப்டம்பர் விடுமுறையில் வரும்போதே இரண்டு கொண்டுவந்தார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று உவரியில் இப்போது தனியாக இருக்கும் அவர் அம்மா கிரேஸி அத்தைக்கு.

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைக் குடுவை. தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சூடாக்குவதில்லை, போகிற போக்கிலேயே சூடாக்குகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு சவ்வைத் தூக்கும். சவ்வு தொட்டதும் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும். மூடினால் நின்றுவிடும். ஐந்தரைக் கிலோவாட். வீட்டு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் அதில் கால்வாசி வராது.

ராதாபுரத்திலிருந்து எலக்ட்ரீஷியன் பிச்சைக்கண்ணு வந்திருந்தார். அதற்கே அப்பாவுக்குக் கோபம். அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். அத்தை வீட்டு ஷவரை நவம்பரில் அவரே அரை நாளில் மாட்டிக் கொடுத்தார். இங்கே மட்டும் ஆள் எதற்கு என்று மூன்று நாளாகச் சண்டை. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

பிச்சைக்கண்ணு பிளக்கே வைக்கவில்லை. மெயினிலிருந்து தனியாகத் தடித்த வயர். அதற்கென்று ஒரு பிரேக்கர். வீட்டுக்குப் பின்னால், கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எர்த் குழி. அதற்கும் மேலே டிரிப்பர் என்று ஒரு பெட்டி. போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும், எங்கோ கசிகிறது என்று துண்டித்துவிடும்.

“இம்புட்டும் யாருக்கு வே?” என்றார் அப்பா.

“குளிக்குத ஆளுக்கு.”

முதலில் தண்ணீரைத் திறந்து குடுவையை நிரப்பிவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தார். இல்லாவிட்டால் சுருள் எரிந்துவிடுமாம். ஆவி பறந்தது. ஜெர்லின் அத்தானுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள்.

இன்று ஆற்றுத் தண்ணீர். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், மற்ற நாளெல்லாம் போர்வெல் தண்ணீர்தான். வந்தால் அம்மா மேல் டேங்கையும் அதிலேயே நிரப்பிவிடுவாள். இரண்டு நாளாவது தலைமுடி முடியாக இருக்கும்.

ஜனவரி 12

ஷவர் நின்றுவிட்டது. பாதிக் குளியலில். டிரிப்பர் விழுந்திருக்கிறது. தூக்கினால் நிற்கிறது, குழாயைத் திறந்ததும் விழுகிறது.

தலையில் சோப்போடு ஜெர்லின். “ஏட்டி ஜாய்சி, அதைத் தூக்கு.” தூக்கினேன். விழுந்தது. பதினொரு தடவை. எனக்குத் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் கொடுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 14

பொங்கலுக்கு ராதாபுரமே அடைத்துக் கிடக்கிறது. பிச்சைக்கண்ணு சனிக்கிழமை வருவார். அப்பா ஒரு நாளில் நான்கு முறை சொல்கிறார்: உவரியில நான் மாட்டினது ஒரு நாள் நின்னிருக்கா?

நிற்கவில்லைதான். அது அவர் குரலைவிட எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 17, சனி

பிச்சைக்கண்ணு புது டிரிப்பர் மாட்டினார். வேலை செய்கிறது. பழையதில்தான் கோளாறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொள்வது எவ்வளவு சுகம்.

காலையிலேயே ஆற்றுத் தண்ணீர் வந்திருந்தது. துணி துவைத்தேன்.

ஜனவரி 20

மறுபடி விழுந்துவிட்டது.

ஜனவரி 21

பெண் குழந்தை. நாகர்கோவில் ஆஸ்பத்திரி. அக்காவுக்குத் தையல் போட்டிருக்கிறது. நான் வராந்தாவில் நின்றபடியே ஒரு தேநீரை ஒன்றரை மணி நேரம் குடித்தேன்.

அத்தான் கப்பலிலிருந்து அழுதார். பிறகு முதல் கேள்வி: “ஷவர் ஓடுதா?”

“ஓடுது” என்றாள் அம்மா.

ஏன்? ஏன் ஒருவராலும் இந்த வீட்டில் இல்லை என்று சொல்ல முடியவில்லை?

ஜனவரி 25, ஞாயிறு

அக்காவும் குழந்தையும் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மத்தியானம் ஆற்றுத் தண்ணீர். அம்மா சும்மா ஷவரைத் திறந்து பார்த்தாளாம். ஓடியது. யாரும் தொடாமலே சரியாகிவிட்டது. அந்தோணியார் புண்ணியம் என்கிறாள் அம்மா. அக்கா நன்றாக நின்று குளித்தாள்.

ஜனவரி 28

விழுந்துவிட்டது. அக்கா ஈரத் தலையோடு உட்கார்ந்து அழுதாள். குழந்தையும் அழுதது. அப்பா எதுவும் பேசாமல் வெளியே போனார். அவர் பேசாமல் போனால் பயமாக இருக்கிறது.

ஜனவரி 29

காலையில் ஷவர் ஓடுகிறது. நிற்கவே இல்லை. எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள்.

போர்டைத் திறந்து பார்த்தேன். ஷவருக்குப் போகும் இரண்டு வயரையும் டிரிப்பரிலிருந்து கழற்றி நேராகப் பிரேக்கரில் முடுக்கியிருக்கிறார் அப்பா. டிரிப்பர் அதன் இடத்திலேயே இருக்கிறது, அழகாக, எதோடும் சேராமல்.

“அப்பா, இது ஆளைக் காப்பாத்துத சாமான்.”

“அது கெட்டுப்போன சாமான். நாப்பது வருசம் எஞ்சின்ல கை வச்சவன் நானு. நீ பொஸ்தகத்தப் பாரு.”

பிரேக்கர் வயரைத்தான் காப்பாற்றும். தீப்பிடிக்காமல். ஆள் செத்துப்போகும் அளவு மின்சாரம் அதற்கு ஒன்றுமே இல்லை, கவனிக்கக்கூடக் கவனிக்காது. இதைச் சொன்னேன். அவர் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டார். சுவரிடம் சொல்லி முடித்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

கோபத்தில் இந்த நோட்டைத் திரும்பப் புரட்டினேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கத்தான். கிடைத்தது வேறு.

9 – ஆற்றுத் தண்ணீர். ஓடியது. 12 – விழுந்தது. 17 – ஆற்றுத் தண்ணீர். ஓடியது. 20 – விழுந்தது. 25 – ஆற்றுத் தண்ணீர். ஓடியது. 28 – விழுந்தது.

டிரிப்பர் கெட்டுப்போகவே இல்லை. அது ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லியிருக்கிறது. டேங்கில் ஆற்றுத் தண்ணீர் தீர்ந்து போர் தண்ணீர் ஏறுகிற நாளிலெல்லாம் விழுந்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அவ்வளவு உப்பு.

பிச்சைக்கண்ணுவைப் போனில் பிடித்தேன். வள்ளியூரில் ஏதோ வேலையில் இருந்தார். தேதிகளைச் சொன்னேன். சுருள் குழாய்க்குள் மூடியிருக்கிறதா, வெறுமனே தண்ணீரில் கிடக்கிறதா என்று கேட்டார். பெட்டியைத் தேடி எடுத்தேன். படத்தில் வெறும் கம்பி. தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது.

“அப்ப அதான். நல்ல தண்ணி கரண்டைச் சீக்கிரம் கடத்தாது. உப்புத் தண்ணி கடத்தும். நான் பெட்டியத் தொறந்து பாக்காம மாட்டிட்டேன், என் தப்புத்தான். செவ்வாக்கெழமை வாரேன். அது வரைக்கும் டிரிப்பர நம்பி இருங்க, ஒண்ணும் ஆகாது.”

டிரிப்பர் இப்போது எதோடும் சேரவில்லை என்றேன்.

“பிரேக்கர இறக்கிப் போடும்மா. இப்பவே.”

பெட்டியில் ஒரு கையேடு இருந்தது. போர்ச்சுகீசில். போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். உப்பு மிகுந்த நீர் உள்ள இடங்களில் இந்த மாதிரியைப் பயன்படுத்தக் கூடாது. மூன்றாம் பக்கம். தடித்த எழுத்தில். ஜன்னல், அலமாரி, மேசை என்று நானூறு வருடமாக அந்த மொழியை வாயில் வைத்திருக்கும் கடற்கரை. ஒரு தாளைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

ஜனவரி 31

ஐந்து மணிக்கு எழுந்து பிரேக்கரை இறக்கினேன். அப்பா ஏற்றினார். இறக்கினேன். ஏற்றினார். கடைசியில் போர்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கேஸ் அடுப்பில் அண்டா வைத்து வெந்நீரை வாளி வாளியாக நானே சுமந்தேன்.

தேதிகளை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “டைரிய வச்சிக் கரண்டு பாக்குதா, எம்மக” என்றார் அம்மாவிடம். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஜெர்லின் வேறு மாதிரி. குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்: “அவுக எனக்குன்னு வாங்கியாந்தது உனக்குப் பிடிக்கல. அவ்ளவுதான்.”

அவள் செத்துவிடக் கூடாது என்பது இந்த வீட்டில் என்னுடைய கெட்ட குணமாகிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கிரேஸி அத்தை பேத்தியைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்கென்றே அப்பா பிரேக்கரை ஏற்றி வைத்திருந்தார். மகன் வாங்கிக் கொடுத்தது ஓடவில்லை என்று சம்பந்தி நினைத்துவிடக் கூடாதாம். குழந்தையைக் கொஞ்சியபின், பஸ் புழுதி போகக் குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். வில்சன் ஷவர் இங்கே எப்படி என்று பார்க்கணும் என்றார்.

நான் போர்டை நோக்கி நடந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

குளியலறை வாசலில் அத்தை நின்றார்.

“கரோலினு, ரப்பர் செருப்பு கெடக்கா?”

எதற்கு என்றாள் அம்மா.

“செருப்பில்லாம எப்படி நிக்க? பிடிக்குமில்லா.”

“என்ன பிடிக்கும் மைனி?” அப்பா.

“கரண்டுதான் அண்ணே. நீங்க மாட்டித் தந்த அன்னைக்கே பைய லேசாப் பிடிச்சுது. வெளிநாட்டுச் சாமான் இப்படித்தான் போலன்னு செருப்பப் போட்டுக் குளிக்கேன். ஆத்துத் தண்ணி வந்தா அவ்வளவுக்கு இல்ல.” எல்லோர் முகத்தையும் பார்த்தார். “ஏன், இங்க பிடிக்காதா?”

அப்பாவின் பிடி என் கையில் தளர்ந்தது. நான் போய் பிரேக்கரை இறக்கினேன். யாரும் தடுக்கவில்லை.

எப்போதாவது பலமாகப் பிடித்ததா என்று அப்பா கேட்டார்.

“ஒருக்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளு. குழாயத் தொட்ட கை மரத்துப்போச்சு. விழுந்து கெடந்தேன் கொஞ்ச நேரம். சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவிய. அவனும் அங்கன கடல்ல கெடந்து தவிப்பான்.”

ஜெர்லின் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அடுத்த மாதம் அவள் திரும்பிப் போக வேண்டிய குளியலறை அது.

பிப்ரவரி 2

அத்தையோடு அதே பஸ்ஸில் அப்பாவும் நானும் உவரிக்கு. அப்பா முதலில் மெயினை இறக்கினார், பிறகு ஷவரைக் கழற்றினார். ஷவரின் எர்த் வயர் இரண்டு அங்குலத்தில் வெட்டப்பட்டு டேப் சுற்றிக் கிடந்தது. அங்கே எர்த் இழுத்திருக்கவில்லை, அதனால் நவம்பரில் அவரே வெட்டியது. டிரிப்பரும் இல்லை. ஒரு நாளும் நின்றதில்லைதான். நிறுத்த அங்கே எதுவும் இருந்ததில்லை.

அந்த டேப்பை அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 3

பிச்சைக்கண்ணு வந்து வயரை டிரிப்பரில் திரும்ப மாட்டினார். ஷவரைக் கழற்றிவிட்டு, மூடிய சுருள் வைத்த சாதாரண ஹீட்டர். ஜெர்லின் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் இல்லை. தலை துவட்டு என்று துண்டை நீட்டினாள்.

இரவு அப்பாவே அத்தானைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அத்தான் முதலில் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அப்புறம்: “அந்தக் கடையில நம்ம கடற்கரைப் பயலுவ இன்னும் ஆறு பேரு வாங்கினானுவ மாமா.”

அப்பா என்னிடம் பேனா கேட்டார். ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அந்த ஆறில் மூன்று வீடு போய்ப் பார்த்து முடிந்தது. இரண்டில் எர்த் இல்லை. ஒன்றில் இன்னும் மாட்டவே இல்லை, அட்டைப்பெட்டியோடு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. நான் கையேட்டின் மூன்றாம் பக்கத்தைத் தமிழில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பிச்சைக்கண்ணுவின் நம்பரும் அடியில்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூத்தங்குழி. நான்காவது வீடு. அந்த அக்கா கதவைப் பாதி திறந்தபடி எங்களைப் பார்த்தார். கம்பெனி ஆளா, எலக்ட்ரீஷியனா என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றார் அப்பா. “நான் போட் மெக்கானிக். இதே சாமானத் தப்பா மாட்டினவன்.”

கதவு திறந்தது.