பத்தொன்பது மணி நேரம்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலு வருஷமாகப் பேசாதவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். கடிதத்தைக் கிழித்துப் போடாதே, தம்பி. முழுக்கப் படி.

போன வாரம் இந்த அம்மாவிடம் சட்டைக்குப் பட்டன் தைக்கப் போனேன். சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நாலு மணி, இன்னொன்று ஐந்தரை. "ஒண்ணு தப்பா ஓடுதே, பேட்டரி மாத்தக் கூடாதா" என்றேன். சிரித்துவிட்டு, அது தப்பில்லை, என் பொண்ணு ஊர் மணி, இங்கே சாயங்காலம் நாலுன்னா அங்கே விடியக்காலை அஞ்சரை என்றார்கள். உன் ஊரைச் சொன்னேன். அங்கேயும் அதே மணிதானாம்.

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு பலகையும் படிக்கத் தெரியாது. எந்த ஊருக்கும் தூரத்தை மணிக்கணக்கில்தான் வைத்திருந்தேன், ஒருநாளும் பிசகியதில்லை. நீ முதன்முதலில் போனபோது, காலையில் பத்துக்கு ஏறினேன், சாயங்காலம் ஆறுக்கு இறங்கிட்டேம்பா என்று மூன்றாம் நாள் போனில் சொன்னாய். எட்டு மணி நேரம் என்று முடிந்துவைத்துக்கொண்டேன். பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் என்றாய். அது என் காதில் ஏறவில்லை.

உன் அம்மா கண்ணை மூடிய அன்று காலை ஆறு மணிக்கு நீ பேசினாய். ஏர்போர்ட்டுக்குப் போய்ட்டிருக்கேன், ஏறினா பத்தொன்பது மணி நேரம், நாளைக் காலைல வந்துடுவேன், வச்சிருங்கப்பா என்று அழுதாய். எட்டு மணி நேர வழியைப் பத்தொன்பது என்கிறானே, வேலையை முடித்துவிட்டு ஆறஅமர வரப்போகிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எட்டு மணி நேரம் காத்திருந்தேன். மனசு கேட்காமல் மேலே இரண்டு மணி நேரமும் பார்த்தேன். வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து போனேன். சாயங்காலம் நாலுக்கு, எடுங்கப்பா என்றேன். உன் மாமன் என் கையைப் பிடித்து, "பொறுங்க அத்தான், புள்ள வந்துடட்டும்" என்றான். உதறினேன்.

மறுநாள் காலை பெட்டியோடு வந்து நின்றாய். மண் ஈரம்கூடக் காயவில்லை. ஏம்பா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். வர்றவன் நேரத்துக்கு வந்திருக்கணும் என்றேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய்.

நீ சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கிறாய், தம்பி. அன்றைக்கு நீ ஏறினது இந்த ஊர் மணி, இறங்கினது அந்த ஊர் மணி; இரண்டையும் ஒரே கடிகாரமாக எண்ணி நான்தான் வழி தவறிப் போனேன்.

என் உடம்புக்கு வருகிறேன். நுரையீரலில் கட்டி வந்திருக்கிறது. இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் உன் மாமனிடம் கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னார். காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் நீ வரும்வரை எடுக்கக் கூடாது, எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி என்று மாமனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அப்படி வருவதைவிட இப்போதே வந்தால் நல்லது.

கட்டிலுக்கு எதிரே உன் ஊர் மணிக்கு ஒரு கடிகாரம் மாட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கே எத்தனை மணிக்கு ஏறுகிறாய் என்று மட்டும் சொல். இந்தத் தடவை சரியாக எண்ணுவேன்.

உன் பிள்ளைகளோடு நீ நீண்ட நாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)