முற்றத்தில் ஒரு முளை

1946 பெப்ரவரி 9
இன்று நல்ல வேட்டை.
பழைய பத்திரிகையில் கல்லைச் சுற்றி, சீமைச் சாமான் போல அழகாகக் கட்டி, காலிக்குப் போகும் வீதி ஓரத்தில் வைத்தேன். அதில் கட்டிய கறுப்பு நூல் எங்கள் முன் ஜன்னலின் மரச் சட்டங்களுக்குள் போகிறது. நூலின் மறு நுனி என் அக்கா லுத்பியா ராத்தாவின் கையில். பெரியவளான பிறகு அவள் வெளியே வருவதில்லை. ஆனால் வெள்ளவத்தை முழுவதும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எதிரே சோடாக் கடையில் நிற்பேன். ஆள் குனிந்ததும் தலையைச் சொறிவேன். ராத்தா இழுப்பாள். பார்சல் நடக்கும். சிரிப்பு வந்தால் அவள் கத்தரிக்கோலால் ஜன்னல் சட்டத்தில் தட்டுவாள். அந்தத் தட்டுத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு கிளாக்கர் என் பரம்பரையையே ஏசிவிட்டுப் போனார். கடைசியாக ஒரு நெட்டை ஆள், வெள்ளைச் சட்டை. பார்சல் ஓடியதும் ஏசவில்லை. நூல் போகும் வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்து, ஜன்னலைப் பார்த்து, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சலாம் வைத்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

தட்டுச் சத்தம் வரவில்லை. உள்ளே போய்க் கேட்டேன்.

"கத்தரிக்கோல் உழுந்திட்டு," என்றாள் ராத்தா.

மார்ச் 3
நெட்டையரின் பெயர் ஸாலிஹ். கிராண்ட்பாஸில் இருக்கும் ஸவாஹிர் ஹாஜியாரின் மகன். எங்கள் ராத்தாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்! கல்லைப் பொறுக்க வந்தவர் பெண்ணைப் பொறுக்கிவிட்டார்.

வாப்பா இந்த வீட்டை ராத்தாவுக்கு எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை இங்கேதான் வந்து குடியிருப்பார். எங்கள் ஆட்களில் வீடில்லாமல் பெண் இல்லை. நான், வாப்பா, உம்மா பின் அறைக்குப் போக வேண்டும்.

"அப்ப நூல யாரு இழுக்கிற?" என்று கேட்டேன்.

"அவரு. நீ கடையில நிண்டு தலையச் சொறி," என்றாள்.

மே 14
வீதி அகலுமாம். அதற்காக நாங்கள் அகல வேண்டுமாம்.

சங்கிலியால் அளந்துகொண்டு வந்தவர்கள் மற்ற வீடுகளில் மதிலோடு நின்றார்கள். எங்கள் வீடு வளைவில் இருக்கிறது. முன் மண்டபத்தைத் தாண்டி உள்ளே வந்து நடு முற்றத்தில் ஒரு மர முளையை அடித்துச் சிவப்பு மை பூசினார்கள். முளைக்கு வீதிப் பக்கம் உள்ளதெல்லாம் போகும். மண்டபம், ராத்தாவின் அறை, ஜன்னல். மிஞ்சுவது குசினியும் பின் அறையும் கிணறும்.

நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து முளைக்கு ஊற்றினேன். அளக்க வந்த நாகேந்திரம் யாழ்ப்பாணத்தார், கிருலப்பனையில் இருப்பவர். சிரிக்கவில்லை, ஏசவுமில்லை.

"தம்பி, என்ன செய்யிறீர்?"

"முளைக்குதா எண்டு பாக்கிறன், சேர்."

"உது முளைக்காது, தம்பி. உங்கட வாப்பாவைக் கூப்பிடும்."

மே 15
வெள்ளவத்தைக்கு வெள்ளம் வந்தால் வடிந்துவிடும், வீதி வந்தால் வடியுமா என்று ராத்தாவிடம் கேட்டேன். நல்ல பகிடி. அவள் தலையணை உறையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 2
ஹாஜியாரும் அவர் மனைவியும் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க வந்தார்கள். முளையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிக்காஹ் முடிந்த பிறகு சொல்லலாம் என்று உம்மா. வாப்பா வாயே திறக்கவில்லை. அதனால் நானே ஒரு வேலை செய்தேன். குரோட்டன் சாடி ஒன்றின் அடித்தட்டில் பெரிய ஓட்டை. அதைத் தூக்கி முளையின் மேல் வைத்தேன். அச்சாவாகப் பொருந்தியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஹாஜியார் கூரையைப் பார்த்தார், தூணைத் தட்டிப் பார்த்தார். "நல்ல காத்து வார வீடு," என்றார். அவர் மனைவி சாடிக்குப் பக்கத்தில் நின்று, "நல்ல நெறமான குரோட்டன். ஒரு கொப்பு முறிச்சித் தாங்களேன், ஊட்ட நடுவம்," என்றார்.

நான் முறிக்க ஓடினேன். வாப்பா எழும்பி வந்து என்னைத் தள்ளிவிட்டு, சாடியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"ஹாஜியார், ஊடு இதுவரைக்கும்தான்."

முளையில் சிவப்பு மை இன்னும் புதுசாகத்தான் இருந்தது. ஹாஜியார் கையிலிருந்த சர்பத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார். மரியாதையான மனிதர். வாப்பாவிடம் சொன்னார்:

"அல்லாஹ் நாடினது. சொல்லி அனுப்புறோம், அலவி நானா."

கொப்பை முறித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ஜூன் 3
வாப்பாவோடு சண்டை. இதுவரை இப்படிக் கத்தியதில்லை. நிக்காஹ் வரைக்கும் ரெண்டு மாசம், வாப்பா! ரெண்டு மாசம் அந்தச் சாடி அங்க இருந்தா ஒங்களுக்கு என்ன?

வாப்பா தொப்பியை மடித்தபடி சொன்னார்: "ஒளிச்சிக் குடுத்த ஊட்டுல ஒன்ட ராத்தாதான்டா இருக்கோணும். நானா இருக்கிற?"

ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஜூன் 30
சொல்லி அனுப்பவில்லை.

செப்டெம்பர் 5
பெருநாள் முடிந்து பீபி மாமி வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டு முடியும்வரை அந்தக் கதையை அடக்கி வைத்திருந்தது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கும். ஸாலிஹுக்கு மருதானையில் வேறு பெண் முடிவாகிவிட்டதாம்.

ராத்தா ஒன்றுதான் கேட்டாள்.

"ஊடு பெரிசா, மாமி?"

இதற்கு என்ன பகிடி சொல்வது?

நவம்பர் 18
மண்டபம் போனது. ராத்தாவின் அறை போனது. ஜன்னலைக் கழற்றித் தரும்படி உடைக்கிறவனிடம் கெஞ்சினேன். அவன் இரும்பு அலவாங்கால் இடித்தபோது சட்டங்கள் எல்லாம் ஒரேயடியாக விழுந்தன. இவ்வளவு மெல்லிய சட்டங்களா? அவற்றுக்குப் பின்னால் ஒரு ஆள் மறைந்திருந்தது எப்படி?

நவம்பர் 27
முளை இருந்த கோட்டில் புதுச் சுவர் எழும்புகிறது. மேசன் ஹுசைன் பாஸ் கேட்டார்: "றோட்டுப் பக்கம் ஜன்னல் ஒண்டு வெக்கவா?"

உம்மா ராத்தாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வேணாம். தூசி வரும்," என்றாள்.

1947 ஜனவரி 22
தார் காய்ந்துவிட்டது. நடைபாதை போட்டிருக்கிறார்கள். எங்கள் சுவரோரம் பஸ் நிறுத்தத் தூண் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். ராத்தாவின் கட்டில் கிடந்த இடம்.

பெப்ரவரி 9
கல்யாணத்துக்கு வாங்கிய தையல் மிஷினில் ராத்தா அயல் பெண்களுக்குச் சட்டை தைக்கிறாள். நான் நிறுத்தத்தில் நின்று பஸ் கொண்டக்டரைப் போல நடித்தேன், சுவருக்குக் கேட்கிற சத்தத்தில். நிறுத்தமே சிரித்தது. உள்ளே மிஷின் நிற்காமல் ஓடியது.

மார்ச் 18
காலையில் பள்ளிக்கூடம் போக நிறுத்தத்துக்கு வந்தேன். ஸாலிஹ் நின்றார். அதே வெள்ளைச் சட்டை. என்னை அவர் அறிந்ததில்லை. வீதியைப் பார்க்காமல் எங்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதில ஒரு ஜன்னல் இருந்திச்சே?"

சுவருக்குப் பின்னால் மிஷின் நின்றது.

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவன் நான்.

"இருந்திச்சி," என்றேன்.

அவர் நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பாதியில் இறக்கிவிட்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

நான் ஏறவில்லை. சுவரில் காதை வைத்தேன். கத்தரிக்கோல் தட்டும் என்று நினைத்தேனா? தெரியாது. தட்டவில்லை.

பிறகு மிஷின் ஓடத் தொடங்கியது.